நேர்முகத்துக்குப் போன மங்குஸ்தான் கூடை

மலாயாவுக்கு மெர்டேக்கா, அதாவது சுதந்திரம், கிடைத்துச் சில வருஷங்கள் ஆகியிருந்த சமயம். மலாக்காவில் காஜா பேராங் கம்போங்கில் குடியிருந்தோம். சிங்கப்பூரில் பௌதிகம் படித்து முடித்த எனக்கு, இங்கிலாந்தில் அணுக்கரு ஆராய்ச்சி செய்ய இடம் கிடைத்துவிட்டது. போவதற்குத்தான் வழியில்லை. அரசாங்க உபகாரச் சம்பளம் கிடைத்தால் கப்பல். இல்லையென்றால் உள்ளூரில் டீச்சர் வேலை, கையோடு கல்யாணம் என்று அப்பா கறாராகச் சொல்லிவிட்டார்.

உபகாரச் சம்பளத்துக்குக் கோலாலம்பூரில் நேர்முகம். கிளம்பும் நேரத்தில் பக்கத்து வீட்டு பீபி ஒரு கூடை மங்குஸ்தானோடு வந்து நின்றார். பீபி மலாக்காச் செட்டி வம்சம், அந்தக் காலத்திலேயே மலாக்காவில் குடியேறிய தமிழ் வியாபாரிகளின் வழி. சாமி கும்பிடுவது எங்களைப் போல, பேச்செல்லாம் மலாய். என்னை வளர்த்ததில் அவருக்குப் பாதிப் பங்கு உண்டு. "பெரிய மனுஷங்களைப் பார்க்கப் போறே, வெறுங்கையோட போவாதே" என்று மலாயில் சொல்லிக் கூடையைக் கையில் திணித்தார். யார் வீட்டுக்குப் போனாலும் எதையாவது கொண்டுபோவதுதான் எங்கள் ஊர்ப் பழக்கம். நானும் ஒரு மண்டு, நேராக அறைக்குள் போய், மூன்று அதிகாரிகளுக்கும் முன்னால் கூடையை மேசைமேல் வைத்துவிட்டேன்.

ஓரத்தில் இருந்த வெள்ளைக்காரர் பேனாவை மூடிவிட்டு, இது என்ன லஞ்சமா என்று கேட்டார். மனப்பாடம் செய்த இங்கிலீஷ் எல்லாம் பறந்துவிட்டது. எல்லாம் போச்சு என்றே நினைத்தேன். நடுவில் இருந்த மலாய்க்கார அதிகாரி கூடையையும் என்னையும் பார்த்தார். பிறகு மெதுவாக, மலாயில் கேட்டார்.

"அணுவுக்குள்ள என்ன இருக்குன்னு யாரும் பார்த்ததில்லையே. உங்களுக்கு மட்டும் எப்படித் தெரியும்?"

என் கை தானாகக் கூடைக்குள் போனது. ஒரு பழத்தை எடுத்து அடிப்பக்கத்தைக் காட்டினேன். அங்கே சின்னப் பூ மாதிரி இதழ்கள் இருக்கும். எத்தனை இதழோ, உள்ளே அத்தனை சுளை. சின்ன வயதில் பீபியிடம் பந்தயம் கட்டிக்கட்டித் தோற்றுத் தெரிந்துகொண்டது.

"பிரிச்சுப் பார்க்காமலே, வெளியே தெரியுற அடையாளத்தை வெச்சு உள்ளே இருக்கிறதைக் கண்டுபிடிக்கணும், துவான். அணுவுக்குள்ள கத்தி போகாது. எங்க வேலையும் இதுதான்" என்றேன், அசல் காஜா பேராங் மலாயில்.

அவர் ஒரு பழத்தை எடுத்து இதழ்களை எண்ணினார். ஆறு. இரண்டு கையாலும் அழுத்தி உடைத்தார். ஆறு சுளை. உடனே மற்ற இருவரும் ஆளுக்கு ஒன்று எடுத்துக்கொண்டார்கள். வெள்ளைக்காரரின் சட்டைக் கையில் ஊதாக் கறை பட்டது. மங்குஸ்தான் கறை லேசில் போகாது என்று வாய்தவறிச் சொல்லிவிட்டேன். முதலில் சிரித்தவர் அவர்தான். அதற்குப் பிறகு என் இங்கிலீஷும் திரும்பி வந்துவிட்டது.

உபகாரச் சம்பளம் கிடைத்த செய்தி வந்த அன்று நான் குதித்த குதியில் பலகைத் தரை அதிர்ந்தது. பாஸானது தன்னுடைய பழம்தான் என்று பீபி கம்போங் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தார். அப்பா மறுபேச்சு பேசாமல் பெட்டி வாங்கப் போனார்.

இப்போது ஆராய்ச்சிப் பணம் கேட்டு வரும் பிள்ளைகளை, மேசைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து நான் கேள்வி கேட்கிறேன். யாராவது வாயடைத்து நின்றால் பேனாவை மூட எனக்கு மனசு வருவதில்லை. அவர்கள் வீட்டில் பேசும் பேச்சிலேயே இன்னொரு கேள்வி கேட்டுவிடுகிறேன்.