பூக்கடைக்குப் போன என் ஆராய்ச்சி

எண்பதுகளின் நடுவில், நாங்கள் சிங்கப்பூரில் ஈசூன் பேட்டையில் புது அடுக்குமாடி வீட்டுக்குக் குடிவந்திருந்த சமயம். பல்கலைக்கழகத்தில் எனக்குக் கடைசி வருஷம். ப்ளாஸ்டிக்கைத் தின்னும் கிருமி மண்ணில் இருக்கிறதா என்று பார்ப்பதுதான் என் புராஜெக்ட். இப்போது சொல்லப் பெருமையாக இருக்கிறது. அப்போது கேட்டவர்கள் எல்லாம் சிரித்தார்கள்.

ஆய்வகத்தில் இடம் போதவில்லை. அதனால் ப்ளாஸ்டிக் பைகளை அடையாளத்துக்கு மூலையில் விதவிதமாக வெட்டி, எடை போட்டு, வீட்டு காரிடாரில் தொட்டிகளில் புதைத்தேன். ஒவ்வொரு தொட்டியிலும் ஒவ்வோர் இடத்து மண். மாதக்கணக்கில் தண்ணீர் தெளித்தேன். கடைசியில் பைகளைத் தோண்டி மறுபடி எடை போட வேண்டும். குறைந்திருந்தால் கிருமி தின்றிருக்கிறது என்று அர்த்தம். அம்மாவுக்கு இதெல்லாம் தெரியாது. "என் மக மண்ணைப் பத்திப் படிக்கிறா" என்று அக்கம்பக்கமெல்லாம் சொல்லி வைத்திருந்தார்.

தீபாவளிக்கு முந்தின வாரம் வகுப்பு முடிந்து வந்து தோண்டிப் பார்க்கிறேன், எந்தத் தொட்டியிலும் ஒரு பையையும் காணோம்!

"யாரோ உன் மண்ணுல குப்பையைப் போட்டு மூடியிருக்காங்க. எல்லாத்தையும் எடுத்துட்டேன். மண்ணு ஒரு பிடிகூடச் சிந்தலை, பத்திரமா இருக்கு பாரு" என்றார் அம்மா.

அந்தக் காலத்தில் எங்கள் வீட்டில் எந்தப் பையும் குப்பைக்குப் போகாது. கழுவி, ஜன்னலுக்கு வெளியே மூங்கில் கழியில் துணிகளோடு காயப்போட்டு, சிராங்கூன் ரோட்டில் வழக்கமாகப் பூ வாங்கும் கடைக்குக் கொடுத்துவிடுவார் அம்மா. காலையில் கழுவிய என் பைகளும் மத்தியானமே அங்கே போய்ச் சேர்ந்துவிட்டன.

"ஐயோ அம்மா, அந்தக் குப்பைதான் என் படிப்பே!" என்று கத்திவிட்டு பஸ்ஸுக்கு ஓடினேன். வழியெல்லாம் அழுகை. மறுபடி புதைத்துக் காத்திருக்க நாள் ஏது? ஒரு வருஷம் போச்சு என்றே நினைத்தேன்.

பூக்கடையில் தீபாவளிக் கூட்டம். ஆனாலும் பூக்காரர் பாதி கட்டிய மாலையை அப்படியே வைத்துவிட்டு, பைக்கட்டைக் கொட்டி என்னோடு சேர்ந்து ஒவ்வொரு பையின் மூலையையும் பார்த்தார். ஒன்றைத் தவிர எல்லாம் கிடைத்தன. அதுதான் குப்பைமேட்டு மண்ணில் புதைத்த பை, நான் மலைபோல் நம்பியிருந்தது.

"மஞ்சள் சேலை கட்டின அம்மா இப்பத்தான்லா இந்தக் கட்டுல ஒரு பையில உதிரிப்பூ வாங்கிட்டுப் போனாங்க. கோயிலுக்குத்தான், ஓடும்மா!" என்றார்.

கோயில் வாசலில் அந்த அம்மா செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார். "ஆன்ட்டி, அந்தப் பை... என் புராஜெக்ட்..." என்று மூச்சு வாங்க உளறினேன். இது என்னடா வம்பு என்பதுபோல் பார்த்தார். பிறகு என் முகத்தைக் கவனித்தார்.

"படிப்புக்கா? அதுக்கு ஏம்மா அழுவுற?"

அவ்வளவுதான். கட்டியிருந்த நல்ல சேலையின் முந்தானையை விரித்து, ஈரப்பூவை அதில் கொட்டிக்கொண்டு, பையை உதறி என்னிடம் நீட்டினார்.

"சேலை நனையுதே ஆன்ட்டி!"

"காஞ்சிடும். நீ போய் பாஸ் பண்ணு" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். நன்றி சொன்னேனா என்றுகூட ஞாபகம் இல்லை.

ஆய்வகத்தில் எடை போட்டால் எந்தப் பையிலும் துளி குறையவில்லை. ஒரு கிருமியும் சீண்டிப் பார்க்கவில்லை! அதையே எழுதிக் கொடுத்தேன், பாஸும் பண்ணினேன். "கழுவும்போதே பாத்தேனே, புதுசாட்டம் இருந்துச்சு" என்று அம்மா வருஷக்கணக்கில் சொல்லிச் சிரிப்பார். இப்போது அம்மா இல்லை. மூங்கில் கழிகளில் துணி தொங்குகிறது, பைகள் தொங்குவதில்லை.

வெள்ளிக்கிழமைகளில் அதே பூக்கடையில் இப்போது இருக்கும் தம்பி எனக்காகப் புதுப் பை ஒன்றை உருவுவார். "வேணாம் தம்பி" என்று முந்தானையை விரிப்பேன். பூவின் ஈரம் உடம்பில் பட்டதும், மாதக்கணக்கில் மண்ணுக்குள் நான் தேடிய, ப்ளாஸ்டிக்கை ஒழிக்கும் வழியை அந்த மஞ்சள் சேலை அம்மா ஒரு நொடியில் மடியில் கொட்டிக் காட்டிவிட்டுப் போனாரே என்று இன்றைக்கும் நெஞ்சு நிறைந்துவிடுகிறது.