பழைய வேனும் இசக்கிசெல்வியின் காலும்

கால் சரியில்லை என்று நாலு பேர் சொல்லிக்கொண்டே இருந்தால், எப்படிப்பட்ட பெண்ணுக்கும் தன் கால் மேலேயே சந்தேகம் வந்துவிடும். இசக்கிசெல்விக்கு வந்துவிட்டது.

சங்கரன்கோவில் பூ மார்க்கெட்டில் அவளைத் தெரியாதவர்கள் குறைவு. பிச்சிப்பூ ஏலத்தில் ஆண்களுக்கு நடுவே நின்று தைரியமாக விலை கேட்பாள். அவள் எடுத்த பூவைக் கணவன் மாரிச்செல்வம் பழைய பெட்ரோல் வேனில் ஏற்றி, கரிவலம்வந்தநல்லூர் வரை கடை கடையாகப் போட்டுவிட்டு வருவான். ஜோடி மாடு இழுக்கிற வண்டி போலக் குடும்பம் தடம் மாறாமல் போய்க்கொண்டிருந்தது. போன வருஷம் ஆடித்தபசுத் திருவிழா முடிந்த மறுநாள், பல் தேய்த்துக்கொண்டு நின்றவன் அப்படியே சரிந்தான். பக்கவாதம். வலது கையும் வலது காலும் விழுந்துவிட்டன. பேச்சு மட்டும் கொஞ்சம் குழறலோடு திரும்பி வந்தது.

இசக்கிசெல்வி அழுதாள். ஆனால் கூடையில் இருக்கிற பூ யாருடைய அழுகைக்காகவும் காத்திருக்காதே. கண்ணைத் துடைத்துக்கொண்டு டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்தாள். அங்கிருந்த புதுக் காரை ஒரு குறை சொல்ல முடியாதபடி ஓட்டி லைசென்சும் வாங்கினாள். சொந்த வேனில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் விதி விளையாட ஆரம்பித்தது.

ஓடும்போது ஒன்றுமில்லை. எங்கேயாவது நிறுத்தினால் போதும், உறுமல் தணிந்து, ஒரு நடுக்கம் நடுங்கி, எஞ்சின் அணைந்துவிடும். ரயில்வே கேட்டில் ஒருநாள் அணைந்து, திரும்ப உயிர் வருவதற்குள் பின்னால் நின்ற பஸ் டிரைவர் ஹாரனிலிருந்து கையை எடுக்கவே இல்லை. பைக்கில் போனவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போனார்கள்.

வெளியார் சிரித்ததைத் தாங்கிக்கொண்டாள். வீட்டில் மாரிச்செல்வம் சொன்னதைத்தான் தாங்க முடியவில்லை.

"கிளட்சைப் பட்டுனு விடுதட்டி. ஒன் காலு கல்லு கணக்கா இருக்கு. என் கையில இந்த வண்டி ஒருநா அணைஞ்சிருக்கா?"

அவன் பொய் சொல்லவில்லை. அவன் ஓட்டிய காலத்தில் அது அணைந்ததே இல்லை. மெக்கானிக் லிங்கேஷும் கார்பரேட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்து, பிளக் மாற்றி, காலையில் பட்டறையில் ஸ்டார்ட் செய்து பார்த்தான். எஞ்சின் சாதுவாக ஓடியது. வண்டி நல்லாத்தான் இருக்கு, ஓட்ட ஓட்டப் பழகிவிடும் என்று அவளுக்கு ஆறுதல் சொல்லி அனுப்பிவைத்தான்.

அதற்குப் பிறகு அவள் அடுப்படியில் சோறு வடிக்கும்போதுகூட இடது காலை மெல்ல மெல்லத் தூக்கிப் பழகினாள். பாவம், அந்தக் கால் என்ன பாவம் செய்தது?

கடைசியில் மாரிச்செல்வமே முடிவு கட்டினான். நடுரோட்டில் வண்டி நின்று, பின்னால் வருகிற லாரி அவளை அடித்துவிட்டால் தனக்கு யார் இருக்கிறார்கள் என்று குழறியபடி அழுதான். புளியங்குடி எலுமிச்சை வியாபாரி சௌந்தரபாண்டியனுக்கு வேனை விற்பதென்று பேச்சாயிற்று. வேன் போனால் கடைகள் வேறு ஆள் கைக்குப் போய்விடும். ஏலத்தில் தலை நிமிர்ந்து நின்றவள் மார்க்கெட் வாசலில் உட்கார்ந்து கூலிக்குப் பூத் தொடுக்க வேண்டியதுதான். தெரிந்தும் தலையாட்டினாள். கால் சரியில்லாதவள் வேறு என்ன செய்வாள்?

வெள்ளிக்கிழமை மத்தியானம் அவள் கடைகளுக்குப் பூப் போட்டுவிட்டுத் திரும்பியபோது, சௌந்தரபாண்டியன் வாசலில் காத்திருந்தார். மாரிச்செல்வம் பக்கத்தில் நாற்காலியில் இருந்தான். எஞ்சினை அணைக்காமல் விடச் சொன்னார் வியாபாரி. சத்தம் கேட்க வேண்டுமாம். அவள் நியூட்ரலில் போட்டு, ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிட்டு இறங்கினாள். பின்பக்கத்தைப் பார்க்கட்டும் என்று கதவைத் திறந்து, காலிக் கூடையை வெளியே எடுத்தாள்.

வேன் ஒரு நடுக்கம் நடுங்கியது. அணைந்தது.

"என்ன வே, பாடையில ஏத்துத வண்டியையா எனக்குக் காட்டுதீரு?" என்றார் சௌந்தரபாண்டியன்.

"அது ஒண்ணுமில்ல அண்ணாச்சி, இவ கிளட்சை..." என்று பழக்கத்தில் தொடங்கிய மாரிச்செல்வத்துக்கு வாய் அப்படியே நின்றது.

இசக்கிசெல்வி கூடையைக் கீழே வைத்தாள்.

"நான் இங்கன நிக்கேன். சீட்டுல யாரு இருக்கா? யாரு காலு கிளட்சை விட்டுச்சு?"

சொல்லிவிட்டு அவள் அழுதாள். அத்தனை மாதமாக நெஞ்சில் அடைத்து வைத்திருந்த அழுகை அது. சௌந்தரபாண்டியன் சங்கடப்பட்டு, ரிப்பேர் பார்த்துவிட்டுச் சொல்லும்படி கூறிக் கிளம்பிவிட்டார்.

அழுது முடித்ததும் லிங்கேஷுக்குப் போன் போட்டாள். காலையில் அணைவதில்லை, சூடேறிய பிறகுதான் அணைகிறது. நியூட்ரலில் நின்றாலும் அணைகிறது. ஆக்சிலேட்டரைக் கொஞ்சம் மிதித்தால் பிழைத்துக்கொள்கிறது. தன் காலையே குறை சொல்வதை நிறுத்தியதும் எல்லாம் வரிசையாக நினைவுக்கு வந்தது.

எஞ்சின் ஆறுவதற்குள் லிங்கேஷ் வந்து, முன்சீட்டைத் தூக்கி, அடியில் இருந்த எஞ்சினை ஓடவிட்டு, அதன் ரப்பர் டியூப்களை ஒவ்வொன்றாகத் தடவினான். மெல்லிய டியூப் ஒன்று, மாட்டியிருந்த இடத்தில் அடிப்பக்கமாக வெடித்திருந்தது. வெடிப்பை விரலால் இறுக்கிப் பிடித்தான். திணறிக்கொண்டிருந்த எஞ்சின், பால் கிடைத்த பிள்ளை போல அடங்கி ஓடியது.

சூட்டில் வெடிப்பு விரியும், அந்த வழியாக வேண்டாத காற்று உள்ளே போகும், நிற்கும்போது எஞ்சினால் அதைத் தாங்க முடியாது என்றான். ஆறின வண்டியைப் பார்த்துவிட்டு அனுப்பியது தன் தப்பு என்றும் சொன்னான்.

மாரிச்செல்வத்துக்கு மட்டும் மனசு ஒப்பவில்லை. "இது பழைய வெடிப்பு மாதிரியில்லா இருக்கு. எனக்கு ஏன் அணையல?"

"பிரேக்கை மிதிக்கும்போது பாதத்தோட ஓரம் ஆக்சிலேட்டர்லயே கெடக்குமா அண்ணாச்சி?" என்று கேட்டான் லிங்கேஷ்.

மாரிச்செல்வம் யோசித்தான். ஆமாம், கிடக்கும். வண்டி நின்றாலும் ஓரமாக ஒரு மிதி மிதித்துக்கொண்டே இருப்பான். வெடிப்பு கொஞ்சம் கொஞ்சமாகப் பெரிதாகப் பெரிதாக, அந்தக் காலும் கொஞ்சம் கொஞ்சமாக அழுத்தக் கற்றுக்கொண்டுவிட்டது. அவனுக்கே தெரியாமல் அந்த வண்டிக்கு உயிர் கொடுத்துக்கொண்டிருந்த வலது கால், இப்போது செருப்புக்கூட நிற்காமல் தரையில் கிடந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஒன்னய என்னவெல்லாம் சொல்லிட்டேன் செல்வி..."

"விடுங்க. ஒங்க காலு செஞ்சது ஒங்களுக்கே தெரியாதே."

புது டியூப் மாட்டிய மறுநாள் அவனையும் முன்சீட்டில் ஏற்றிக்கொண்டு கிளம்பினாள். பின்னால் பிச்சிப்பூ மணந்தது. ரயில்வே கேட் மூடியிருந்தது. வேனை நிறுத்தி, நியூட்ரலில் போட்டு, இரண்டு காலையும் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள். எஞ்சின் ஓடிக்கொண்டே இருந்தது. திரும்பிப் பார்த்தாள். மாரிச்செல்வம், ஆக்சிலேட்டரை மிதிக்கிறவன் போல, இடது கையால் தன் வலது முழங்காலைக் கீழே அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தான். அவள் அந்தக் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

அவன் சட்டைப்பையில் போன் அடித்தது. சௌந்தரபாண்டியன்தான். ரிப்பேர் முடிந்ததா, வரலாமா என்று கேட்டார்.

"வர வேண்டாம் அண்ணாச்சி," என்றான் மாரிச்செல்வம். "வண்டி ஓடுது. ஓட்டவும் ஆளு இருக்கு."

கேட் திறந்தது. இசக்கிசெல்வி இடது காலைக் கிளட்சில் வைத்தாள்.