ஹெல்மெட்டில் இருந்த பெயர்

இது நடந்தது. எனக்கே நடந்தது. நம்பாதவர்களிடம் நான் வாதாடுவதில்லை. சட்டைக் காலரைக் கொஞ்சம் இறக்கிக் காட்டுவேன். இடது காதுக்குக் கீழே தொடங்கி, குரல்வளைக்கு ஒரு விரல் முன்னால் நின்றுபோன தழும்பு. நான் வேதியியல் படித்தவள். காரணம் இல்லாமல் எதுவும் நடக்காது என்றுதான் எனக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். இதற்கும் காரணம் தேடிப் பார்த்தேன். கிடைக்கவில்லை.

என் பெயர் ஜியென் பெய்-ஷான். ஊர் தைவானில் ஜியாயி. ஆஸ்திரேலியாவுக்கு வேலை விடுமுறை விசாவில் வந்தேன். ஒரு வருடம் சுற்றலாம், வேலை செய்யலாம். இரண்டாவது வருடமும் வேண்டுமென்றால் பண்ணையிலோ இறைச்சித் தொழிற்சாலையிலோ எண்பத்தெட்டு நாள் உழைக்க வேண்டும். எனக்கு இரண்டாவது வருடம் வேண்டும். டாஸ்மேனியாவில் செடிகளைக் கண்ணாடிக் குழாயில் வளர்க்கும் ஓர் ஆய்வகம், விசா இருந்தால் எடுத்துக்கொள்கிறோம் என்று எழுதியிருந்தது. படித்த படிப்புக்கு முதல் முறையாக ஒரு வேலை. அதற்காகத்தான் குவீன்ஸ்லாந்தில், கடலிலிருந்து பல மணி நேரம் உள்ளே தள்ளிய ஓர் ஊரில், மாட்டு இறைச்சியிலிருந்து கொழுப்பைச் சீவிக்கொண்டிருந்தேன்.

அங்கே ஒரு வழக்கம். ஊருக்குப் போகிறவர்கள் ரப்பர் பூட்ஸ், கத்தி உறை, ஹெல்மெட் எல்லாவற்றையும் அடுத்து வருகிறவர்களுக்கு விட்டுவிட்டுப் போவார்கள். ஹெல்மெட்டில் கறுப்பு மையில் பெயர் எழுதியிருக்கும். சூப்பர்வைசர் டாரலுக்கு எங்கள் பெயர்கள் வாயில் நுழையாது. ஹெல்மெட்டில் என்ன இருக்கிறதோ அதைச் சொல்லித்தான் கூப்பிடுவான். யாரும் அதை அழிப்பதில்லை. என் அறைத்தோழி வான்-ரோங்குக்கு வந்த ஹெல்மெட்டில் 'கெவின்' என்று இருந்தது.

"கெவின், சாப்டியா?" என்று ஆ-ஹோங் அண்ணன் வீட்டில் எங்களோடு தங்கியிருந்த எல்லோரும் அவளைக் கேட்பார்கள்.

"சாப்டேன்டா. தாடிய மழிச்சுட்டு வரேன்," என்பாள்.

என் ஹெல்மெட்டில் 'ஐரிஸ்'.

எனக்கு முன்னால் அதைப் போட்டவள் ஜியா-லின் என்ற பெண். இரண்டாவது வருடத்துக்கு ஒன்பது நாள்தான் பாக்கி. அப்படியே போட்டுவிட்டு ஊருக்கு விமானம் ஏறிவிட்டாள். அந்த வீட்டில் அது ஒரு பெரிய நகைச்சுவை. "ஜியா-லின் மாதிரி பண்ணிடாத," என்று புதிதாக வருகிறவர்களுக்கெல்லாம் சொல்வார்கள்.

எனக்கு இரவு ஷிப்ட். காலையில் வந்து பகலில் தூங்குவேன். ஜன்னல் முழுக்க அலுமினியத் தாள் ஒட்டியிருந்தது. அதில் ஓர் இடத்தில் ஊசி முனை அளவு ஓட்டை. வெயில் ஏறியதும் அந்த ஓட்டை வழியாகப் பின்முற்றம் முழுவதும் எதிர்ச் சுவரில் விழும். மங்கலாக, தலைகீழாக. துணி காயப்போடும் கம்பிக் குடை, யூக்கலிப்டஸ் மரம், வேலி எல்லாமே தலைகீழ். பள்ளிக்கூடத்துச் சோதனைதான். நான் அதைப் பார்த்துக்கொண்டே தூங்கிப்போவேன்.

பதினோரு நாள் பாக்கி இருந்தபோது ஆய்வகத்திலிருந்து மின்னஞ்சல் வந்தது. இடத்தை எனக்காக வைத்திருக்கிறார்கள். அன்று காலையே டாஸ்மேனியாவுக்கு டிக்கெட் எடுத்தேன். கதவைத் தாழிட்டுவிட்டுப் படுத்தேன்.

அன்றுதான் முதல் முறை.

"ஐரிஸ்."

கதவுக்கு வெளியே. ஆண் குரல். வேலைக்கு நேரமாகிவிட்டது என்று எழுப்புகிற மாதிரி, மெதுவாக.

"ம்ம்," என்றேன். பாதித் தூக்கம். பத்து வாரத்துக்கு மேல் அந்தப் பெயருக்குத் திரும்பிப் பழகிவிட்டது.

"பெட்டி கட்டியாச்சா?"

எங்கள் மொழியில்தான் கேட்டான்.  கைபேசியைப் பார்த்தேன். பகல் 12:10.

மூன்று மணிக்கு வான்-ரோங் வேலை முடிந்து வந்தாள். அவளுக்குப் பகல் ஷிப்ட். யாராவது வந்தார்களா என்று கேட்டேன்.

"யாரு வருவா? ஆ-ஹோங் அண்ணன் மட்டும் இருந்திருப்பாரு. ஏன்டீ?"

"யாரோ ஐரிஸ்னு கூப்பிட்டாங்க. ம்ம்னேன்."

வான்-ரோங் கால் உறையைக் கழற்றுவதை நிறுத்தினாள். "கண்ணுக்குத் தெரியாம கூப்பிட்டா பதில் சொல்லக் கூடாதுன்னு உங்க வீட்ல சொல்லித்தரலையா?"

"அது என் பேரே இல்லையே."

"அதுவும் சரிதான்," என்று சிரித்தாள். நானும் சிரித்தேன்.

அதுதான் நாங்கள் செய்த தப்பு.

அடுத்த நாள் தூங்கி எழுந்தபோது கட்டிலுக்கு அடியில் இருந்த என் பெட்டி அறையின் நடுவில் நின்றது. திறந்து பார்த்தேன். அலமாரியில் இருந்த என் துணி எல்லாம் உள்ளே இருந்தது. ஒவ்வொன்றும் மடித்து, ஓரம் பார்த்து அடுக்கி... எனக்கு அப்படி மடிக்க வராது.

"உனக்குத் துணி மடிக்கிற அளவுக்கு எனக்குப் பாசம் இல்லம்மா," என்றாள் வான்-ரோங்.

துணிகளை வெளியே எடுத்தேன். அடியில் என் கத்தி இருந்தது. எலும்பு பிரிக்கும் கத்தி. அதைத் தொழிற்சாலையை விட்டு வெளியே கொண்டுவர முடியாது. வாசலில் சோதிப்பார்கள். முந்தின ஷிப்டில் அதைக் கழுவி லாக்கரில் பூட்டியிருந்தேன். சாவி என் கழுத்துக் கயிற்றில் இருந்தது.

கத்தியைத் துணியில் சுற்றி ஆ-ஹோங் அண்ணனிடம் கொண்டுபோனேன். மொத்த வீட்டையும் வாடகைக்கு எடுத்து எங்களுக்குக் கட்டில் கட்டிலாகக் கொடுத்திருப்பவர் அவர்தான். அடுப்பில் நூடுல்ஸ் கொதித்துக்கொண்டிருந்தது. கத்தியைப் பார்த்தார். அடுப்பை அணைத்தார்.

"எத்தன நாள் பாக்கி?"

"பத்து."

"ஊருக்குப் போறியா?"

"இல்லண்ணே. டாஸ்மேனியா. டிக்கெட் எடுத்துட்டேன்."

அவர் கத்தியைத் திரும்பத் துணியில் சுற்றி என்னிடம் நீட்டினார். "வேற வீடு பாத்துக்கோம்மா."

"ஏன்?"

"சும்மா சொன்னேன்."

அந்த ஊரில் வேறு வீடு கிடையாது. இருந்த மூன்று விடுதியும் நிரம்பி வழிந்தன. வேலையை விட்டால் நாள் போய்விடும். நாள் போனால் ஆய்வகம் போய்விடும். கத்தியை வேலைக்குக் கொண்டுபோய்த் திருப்பி வைத்தேன். பெட்டியைக் கட்டிலோடு சங்கிலி போட்டுப் பூட்டினேன். படுத்தேன்.

மூன்று நாள் ஒன்றும் இல்லை.

நான்காவது நாள். ஒருக்களித்துப் படுத்துச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சுவரில் முற்றம் விழுந்திருந்தது. துணிக்கொடி. மரம். வேலி. மரத்துக்குப் பக்கத்தில் ஓர் ஆள் நின்றான்.

வெளியே யாரோ நிற்கிறார்கள் என்று நினைத்தேன். அசையவில்லை. கைகள் தொங்கின. வலது கை இடது கையைவிட நீளமாக இருந்தது. அல்லது அதில் எதையோ பிடித்திருந்தான்.

கண் செருகியது. ஏதோ சரியில்லை என்று மட்டும் மனம் சொல்லிக்கொண்டே இருந்தது. பிறகு புரிந்தது.

மரம் தலைகீழ். வேலி தலைகீழ்.

அவன் மட்டும் நேராக நின்றான்.

அவன் வெளியே இல்லை.

சுவரில் இருந்த வெளிச்சம் அணைந்தது. ஜன்னலுக்கும் எனக்கும் நடுவில் யாரோ வந்து நின்றால் எப்படி அணையுமோ, அப்படி.

"ஐரிஸ்."

நான் வாயைத் திறக்கவில்லை.

"பெட்டி கட்டியாச்சா?"

கட்டிலுக்கு அடியில் சங்கிலி உரசியது. ஒரு தரம். இரண்டு தரம். பிறகு அறுந்தது.

எழுந்து கதவுக்கு ஓடினேன். இரண்டடி போயிருப்பேன். பின்னாலிருந்து முடியைப் பிடித்தான். கையில் ஒரு சுற்றுச் சுற்றி இழுத்தான். தரையில் முதுகு அறைந்தது. மூச்சு நின்றது. நெஞ்சில் ஒரு முழங்கால் ஏறியது. விலா எலும்பு முறிகிற சத்தம் எனக்கே கேட்டது.

கத்த வாயைத் திறந்தேன். வாயை ஒரு கை பொத்தியது.

அந்தக் கையை எனக்குத் தெரியும். நாங்கள் எல்லோரும் போடுவது. இரும்பு வளையங்களைக் கோத்த வலைக் கையுறை. பனிக்கட்டி மாதிரிச் சில்லென்று இருந்தது. வளையங்களுக்கு நடுவே மாட்டுக் கொழுப்பு. பல்லில் பட்டது.

"டிக்கெட் எடுத்துட்ட."

காதில் சொன்னான். மூச்சுக் காற்று இல்லை. குரல் மட்டும்.

"எனக்கு நாள் இல்ல... நீ மட்டும் இங்க இருப்ப."

கையைத் தூக்கித் தடுத்தேன். முழங்கைக்குக் கீழே ஏதோ சுட்டது. சூடாக வழிந்தது. மறுபடி தடுத்தேன். மறுபடி சுட்டது. சீவுகிறான். நாங்கள் கொழுப்பைச் சீவுகிற மாதிரி... மெல்லிசாக, அவசரம் இல்லாமல்.

முனை காதுக்குக் கீழே வந்து நின்றது.

அழுத்தியது.

தோல் விட்டது.

தலையை உதறினேன். கையுறை நழுவியது. ஒரே மூச்சில் சொன்னேன்.

"நான் ஐரிஸ் இல்ல. ஜியென் பெய்-ஷான். ஜியாயிலேர்ந்து வந்திருக்கேன். ஜியென் பெய்-ஷான்."

கத்தி நின்றது.

அவன் யோசித்தான். எப்படித் தெரியும் என்று கேட்காதீர்கள். தெரிந்தது.

"ஜியென்... பெய்-ஷான்."

ஒரு தரம்தான் சொன்னான். மனப்பாடம் செய்கிற மாதிரி.

நெஞ்சின் மேல் இருந்த பாரம் போனது. சுவரில் துணிக்கொடி வந்தது. மரம் வந்தது. தலைகீழாக.

ஆ-ஹோங் அண்ணன் கதவை உடைத்துக்கொண்டு உள்ளே வந்தார்.

ஆஸ்பத்திரிக்குப் போலீஸ் வந்தது. அறை உள்ளே தாழிட்டிருந்தது. ஜன்னலில் தாள் கிழியவில்லை. கத்தி என் பக்கத்தில் கிடந்தது. அதில் என் கைரேகை மட்டும். வீட்டை விட்டுத் தனியாக இருக்கும் பெண், இரவு வேலை, மன அழுத்தம் என்று எழுதிக்கொண்டு போனார்கள்.

அன்று மாலை ஆ-ஹோங் அண்ணன் கட்டிலருகில் வந்து உட்கார்ந்தார்.

"எட்டு வருஷம் முன்னாடி. நான் அந்த வீட்ட எடுக்கறதுக்கு முந்தி. ரெண்டு பேரும் ஜோடியா வந்தவங்க. அவளுக்கு நாள் முடிஞ்சுது. அவன் கையில அடிபட்டு வீட்ல கெடந்தான், நாள் பத்தல. விசா முடிஞ்சா கெளம்பணும் இல்ல. நீயும் வான்னான். அவ மாட்டேன்னா. நைட் ஷிப்ட் முடிஞ்சு தூங்கறா. இவன் அவ பெட்டியக் கட்டி வச்சுட்டு எழுப்பியிருக்கான்."

"அப்புறம்?"

அவர் என் கழுத்துக் கட்டைப் பார்த்தார். "அவன் அன்னிக்கே தண்டவாளத்துல தலைய வச்சுட்டான்."

"அவ நெஜப் பேரு என்னண்ணே?"

"யாருக்குத் தெரியும். ஹெல்மெட்ல ஐரிஸ்னு இருந்துச்சு."

"அதே ஹெல்மெட்டா?"

"கழுவிக் குடுத்திருக்காங்க. நல்ல ஹெல்மெட்ட யாரு தூக்கிப் போடுவா."

அவரே அதைச் சுத்தியலால் உடைத்துக் குப்பையில் போட்டார். நான் ஊருக்குப் போகவில்லை. வான்-ரோங்கோடு கூடத்தில் படுத்துக்கொண்டு, விலாவில் கட்டோடு, பெட்டிகளில் சீட்டு ஒட்டும் வேலை கேட்டு வாங்கி மீதி நாளை முடித்தேன். புது ஹெல்மெட்டில் பெயர் எழுதவில்லை. டாரல் என்னை "ஏய்" என்று கூப்பிட்டான். எந்தக் குரலும் வரவில்லை. விசா வந்தது. டாஸ்மேனியாவுக்குப் போனேன்.

ஏழு வாரம் நன்றாக இருந்தேன். ஆய்வகம், கண்ணாடிக் குழாய்கள், ஜன்னல் நிறைய வெளிச்சம். அங்கே என்னை எல்லோரும் 'ஷான்' என்று கூப்பிட்டார்கள். முழுப் பெயர் யாருக்கும் தெரியாது, சொன்னாலும் வராது. அந்த வட்டாரத்தில் தைவான்காரர்கள் யாருமே இல்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு. ஜியா-லின். வான்-ரோங் அவளைத் தேடிப் பிடித்து எல்லாம் சொல்லியிருக்கிறாள்.

"உன் பேரச் சொன்னியா அவன்கிட்ட?" வணக்கம்கூடச் சொல்லவில்லை.

"சொன்னேன். அதனாலதான் விட்டான்."

"குடும்பப் பேரோடயா?"

"ஆமாக்கா."

அந்தப் பக்கம் அவள் ஒரு கதவைச் சாத்துகிற சத்தம் கேட்டது.

"நானும் சொன்னேன். எனக்கு முன்னாடி ஒருத்தி போட்டிருந்தா, யுன்-ஹ்ஸின்னு. அவளும் சொல்லியிருக்கா. நாள் முடிச்சு, விசா வாங்கி, கான்பெர்ரா போயிட்டா. ரெண்டு மாசம் ஒண்ணும் இல்ல. அப்புறம் பகல்ல ரூம்ல கெடந்தா. கழுத்து. கதவு உள்ள பூட்டி இருந்துச்சு. பக்கத்துல பெட்டி கட்டி வச்சிருந்துச்சு."

"நீங்க எப்படி..."

"நான் மறுநாளே பிளைட் ஏறிட்டேன். எல்லாரும் சிரிச்சீங்க இல்ல. அவனுக்கு வேண்டியது அது ஒண்ணுதான் பெய்-ஷான். நாம ஊருக்குத் திரும்பிப் போகணும். நீ இன்னும் அங்கயா இருக்க?"

கைபேசியை வைத்தேன். 12:10.

ஜன்னல் திறந்திருந்தது. நல்ல வெயில். தெருவில் ஒருவர் நாயோடு போனார்.

கதவுக்கு வெளியே யாரோ தொண்டையைச் செருமினார்கள்.

"ஜியென் பெய்-ஷான்."

தெளிவாக. எங்கள் ஊரில் சொல்கிற மாதிரி.

"பெட்டி கட்டியாச்சா?"

பதில் சொல்லவில்லை. திரும்பிப் பார்த்தேன். பெட்டி கட்டில் மேல் இருந்தது. மூடி, பூட்டி, நிமிர்த்தி வைத்திருந்தது. அதை அப்படியே தூக்கிக்கொண்டு விமான நிலையத்துக்குப் போனேன்.

இதை ஜியாயியில், எங்கள் வீட்டில் உட்கார்ந்து எழுதுகிறேன். ஆய்வகத்தில் என் இடத்துக்கு வேறு ஆள் எடுத்துவிட்டார்கள். விசாவில் இன்னும் ஒன்பது மாதம் இருக்கிறது. ஊர் திரும்பிய பிறகு எந்தக் குரலும் வரவில்லை.

பெட்டி என் கட்டிலுக்கு அடியில் இருக்கிறது. அதை நான் கட்டவில்லை. இதுவரை திறக்கவும் இல்லை. ஆனால் தூக்கி வரும்போது ஒவ்வொரு படியிலும் கேட்டது... துணிகளுக்கு அடியில், மெல்லிசாக, இரும்புச் சத்தம்.