காற்றடித்தால் நிற்கும் இணையம்

பின்னங்களைக் கூட்டுவதற்கு முன்னால் அடியிலிருக்கும் எண்களைச் சமமாக்க வேண்டும் என்று விளக்கிக்கொண்டிருந்தேன். மடிக்கணினியிலிருந்து ஒரு பையன் குரல் கொடுத்தான்.

"டீச்சர், நீங்க சிலை மாதிரி நிக்கிறீங்க. வாய் திறந்தபடியே இருக்கு."

மற்ற பிள்ளைகள் சிரித்தார்கள். அவர்கள் சிரிப்பு எனக்குத் தெளிவாகக் கேட்டது. என் பேச்சுதான் அவர்களுக்குப் போய்ச் சேரவில்லை. நான் பேசுவது கேட்கிறதா, பேசுவது கேட்கிறதா என்று கத்தினேன். அதுவும் போய்ச் சேரவில்லை.

எங்கள் வீடு மாநில எல்லையைத் தாண்டி மலையாளம் பேசும் பெருமாட்டிப் பக்கம், தென்னந்தோப்புக்கு நடுவில் இருக்கிறது. நான் பொள்ளாச்சியிலிருந்து கல்யாணமாகி வந்தவள். பள்ளிக்கூட வேலையை விட்ட பிறகு வளைகுடா நாடுகளில் இருக்கும் தமிழ்ப் பிள்ளைகளுக்கு வீட்டிலிருந்தே கணக்குச் சொல்லித் தருகிறேன். அவர்கள் பள்ளி விட்டு வந்து, சாப்பிட்டு உட்காரும் நேரம் நமக்குச் சாயங்காலம். காலையில் இணையம் வாய்க்கால் தண்ணீர் மாதிரி ஓடும். சாயங்காலம் வகுப்பைத் திறந்ததும் நின்றுவிடும். ஆடி பிறந்ததிலிருந்துதான் இப்படி.

என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் கூடத்தில் உட்கார்ந்து கைப்பேசியில் கொப்பரை விலை பற்றி யாரோ பேசுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். படம் ஒரு இடத்திலும் தடங்கவில்லை.

"எனக்கு நல்லாத்தான ஓடுது புள்ள?"

"உங்களுக்கு ஓடுதுங்க. எனக்குத்தான் ஓடமாட்டேங்குது."

"ஒரே லைன்தான? உனக்கு ஒண்ணு எனக்கு ஒண்ணுன்னா கொடுத்திருக்கான்?"

ஆனாலும் அவர் மனது வைத்து எழுந்தார். வைஃபை பெட்டி அதுவரை இரும்பு பீரோவின் மேல் இருந்தது. இரும்பு அலையை விழுங்கும் என்று எங்கோ படித்த ஞாபகம் வந்து, அதை இறக்கி ஜன்னல் திண்டில் வைத்தார். மறுநாள் சாயங்காலம் நான் மறுபடியும் சிலையானேன். அடுத்து சாமி அறை வாசலுக்கு மேல் ஆணி அடித்து மாட்டினார். அடுப்படிக்குக்கூட அலை போனது. என் வகுப்பு மட்டும் நின்றது. கடைசியில் நீளமான ஒயர் வாங்கிவந்து, பெட்டியிலிருந்து நேராக என் மடிக்கணினிக்கே இழுத்துச் செருகினார்.

"இனி காத்துல வர்ற வேலையே இல்ல. குழாய்ல தண்ணி வர்றாப்பல வரும் பாரு" என்றார்.

முன்னைவிடக் கொஞ்சம் தேவலை என்றுதான் தோன்றியது. ஆனால் வீட்டுப்பாடத் தாளை அனுப்பினால் அந்தச் சின்ன வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. வேகம் அளக்கும் பக்கத்தைத் திறந்து பார்த்தால் பெரிதாக ஓர் எண் வந்தது, நல்ல எண். அந்த எண்ணை நம்புவதா, பிள்ளைகள் சொல்வதை நம்புவதா என்று புரியவில்லை.

கம்பெனிக்குப் போன் செய்தேன். மலையாளத்தில் ஒரு குரல் ஒன்றை அமர்த்து, இரண்டை அமர்த்து என்று, அதாவது அழுத்து என்று, சொல்லிக்கொண்டே போனது. என் மலையாளம் பேருந்துக்கும் ரேஷன் கடைக்கும் காணும், இதற்குப் போதவில்லை. எதையோ அமர்த்தி, எப்படியோ புகாரைப் பதிவு செய்தேன். இரண்டொரு நாளில் ஆள் வந்தார். இங்கே பக்கத்துச் சித்தூர்க்காரர், மலையாளி. அவர் வந்தது காலையில். தன் கைப்பேசியில் வேகத்தை அளந்து என் முகத்துக்கு நேரே காட்டினார்.

"நோக்கு சேச்சி, ஸ்பீட் ஒக்கே உண்டு. இவிட ஒரு குழப்பமும் இல்லா."

குழப்பம் இல்லை என்றால் அவர்கள் மொழியில் கோளாறு இல்லை என்று பொருள். எனக்கு அது தெரியும். தெரிந்தும், நம் மொழியில் வைத்துத்தான் காதில் விழுந்தது. குழப்பம் இல்லாமலா நான் இவரைக் கூப்பிட்டேன்?

"சாயங்காலம் வாங்க. அப்பத்தான் நிக்குது" என்றேன்.

"வைகிட்டு எனக்கு வேற ஏரியா ஆணு சேச்சி" என்றார். சாயங்காலம் அவருக்கு வேறு ஏரியாவாம். போய்விட்டார்.

அதன் பிறகு நானே கவனிக்க ஆரம்பித்தேன். எங்கள் பக்கம் ஆடியில் அடிக்கிற காற்று சாதாரணக் காற்று இல்லை. மேற்கே மலை விட்ட இடைவெளி வழியாகப் புகுந்து வருவது. காலையில் சும்மா இருக்கும். உச்சி சாய்ந்ததும் தோப்பு முழுக்க இரையும். துணி காயப்போட்டால் பக்கத்துத் தோட்டத்தில்தான் போய்ப் பொறுக்க வேண்டும். அந்த இரைச்சல் தொடங்கியதும் என் வகுப்பு நிற்கிறது. மழை பெய்து காற்று அடங்கிய ஒரு சாயங்காலம் மட்டும் வகுப்பு கடைசிவரை நன்றாக நடந்தது. அப்படியானால் காற்றுதான். காற்றுக்கும் இணையத்துக்கும் என்ன உறவு?

பக்கத்துத் தோட்டத்தில் வீட்டுக்காரரின் அக்கா இருக்கிறார்கள். எங்கள் வழக்கத்தில் நங்கை என்போம். அவர்களிடம் சொன்னபோது யோசிக்கவே இல்லை.

"தென்னமட்டைதான். காத்துல மட்டை ஆடி ஒயரு மேல ஒரசுது. ஒரசுனா நெட்டு கலங்காதா? எங்கூட்டு டிவி அப்படித்தான் போச்சு."

எனக்கு அது நியாயமாகவே பட்டது. நங்கையே மரமேறுகிறவரை வரச்சொல்லி, பாதையோரம் ஒயர் மேல் சாய்ந்திருந்த மட்டைகளை வெட்டிப் போடச் சொன்னார்கள். நானும் விடாமல் புகார் சொன்னதில், கம்பெனி ஆளும் மறுபடி வந்தார். மட்டை விஷயத்தைக் கேட்டுச் சிரித்தார். ஒயருக்குள் இருப்பது கண்ணாடி இழை, அதில் வெளிச்சம்தான் போகிறது, மட்டை உரசினால் அதற்கு ஒன்றும் ஆகாது என்றார். ஆனால் காற்று என்றதும் அவருக்கும் ஒரு சந்தேகம் வந்தது. கம்பத்தில் ஏறிப் பார்த்துவிட்டு, இணைப்பு லூசாக இருந்தது, மாற்றிவிட்டேன் என்று சொல்லி இறங்கினார்.

அன்று அவர் போன பிறகு நடந்ததைத்தான் சொல்ல வேண்டும்.

என் மாமனார் முட்டி ஆபரேஷன் ஆனதிலிருந்து தோப்புக்குள் போவதில்லை. கூடத்துச் சாய்வு நாற்காலியில் இருப்பார். போன வருஷம் கிணற்று மோட்டாரின் செம்பு ஒயரை யாரோ அறுத்துக்கொண்டு போனதால், தோப்பில் நாலு மூலைக்கும் வீட்டுக்காரர் கேமரா வைத்திருந்தார். அது திருடனுக்காக வைத்தது. ஆனால் அதைப் பார்ப்பவர் மாமனார்தான். கைப்பேசியைக் கையில் பிடித்தபடி மரம் மரமாகப் பார்த்துக்கொண்டிருப்பார்.

நான் காப்பி கொண்டுபோனேன். வெளியே காற்று எழுந்திருந்தது. அவர் கைப்பேசியிலிருந்து டிங் டிங் என்று சத்தம் வந்துகொண்டே இருந்தது. அவருக்கு அவ்வளவு பேர் செய்தி அனுப்புகிறார்களா என்று நினைத்தேன்.

"யாருங் மாமா இத்தனை மெசேஜு?"

"யாரும் இல்ல அம்மிணி. தோப்புல என்னமோ அசைஞ்சா இது கத்தும். மட்டை ஆடுனாலும் கத்தும். திருடனும் மட்டையும் இதுக்கு ஒண்ணுதான்" என்று சொல்லிச் சிரித்தார்.

காப்பி டம்ளரை வைத்துவிட்டு அப்படியே நின்றேன். கேமராக்கள் நாலும் அசைவைக் கண்டால் படம் பிடித்து எங்கோ தூரத்துக் கணினிக்கு அனுப்பும் என்று வாங்கும்போது வீட்டுக்காரர் பெருமையாகச் சொன்னது நினைவுக்கு வந்தது. ஆடிக்காற்றில் தோப்பில் அசையாதது எது? நாலு கேமராவும் ஓயாமல் அனுப்பிக்கொண்டிருக்கின்றன. என் முகமும் பேச்சும் அதே வழியில்தான் வெளியே போயாக வேண்டும்.

ஓடிப்போய் வேகத்தை அளந்தேன். அந்தப் பெரிய எண் வழக்கம்போல நன்றாக இருந்தது. அதன் பக்கத்தில் சின்னதாக இன்னோர் எண் இருப்பதை அன்றுதான் பார்த்தேன். முதலாவது வீட்டுக்குள் வரும் வேகம். இரண்டாவது வீட்டிலிருந்து வெளியே போகும் வேகம். இரண்டாவது ஒன்றுமே இல்லை என்கிற அளவில் கிடந்தது. கணக்கு டீச்சர் நான். இத்தனை நாளும் இரண்டு எண்ணில் ஒன்றைத்தான் படித்திருக்கிறேன்.

வீட்டுக்காரர் வந்ததும் சொன்னேன். அவர் நம்பவில்லை. பிறகு கேமரா செயலியைத் திறந்து, மனிதர் அசைந்தால் மட்டும் படம் பிடி என்று மாற்றினார். படத்தின் தெளிவையும் மதியத்துக்கு மேல் குறையும்படி வைத்தார். அன்று சாயங்காலம் வகுப்பு நன்றாக நடந்தது. மறுநாளும் நடந்தது.

யாரால் சரியானது என்பதில்தான் பிறகு சண்டை. நங்கை மட்டையை வெட்டியது, கம்பெனி ஆள் இணைப்பை மாற்றியது, நாங்கள் கேமராவை மாற்றியது எல்லாம் அந்த ஒரே வாரம். "நாஞ் சொன்னனா இல்லியா? மட்டைய வெட்டுனதும் எப்படி ஓடுது பாரு" என்று நங்கை பார்க்கிறவர்களிடமெல்லாம் சொன்னார்கள். கம்பெனியிலிருந்து, கம்பத்து இணைப்பு மாற்றப்பட்டது, புகார் தீர்ந்தது என்று செய்தி வந்தது. நான் கேமரா என்கிறேன். ஆனால் அதற்குள் ஆடி முடிந்து காற்றும் தணிந்துவிட்டதே. காற்று நின்றதால் சரியாகிவிட்டதோ என்றும் தோன்றியது. மறுபடி காற்று எழும் நாளில் கேமராவைப் பழையபடி வைத்துச் சோதித்தால் தெரிந்துவிடும். அதைச் செய்ய எனக்குத் துணிச்சல் வரவில்லை. ஓடுகிற வண்டியை யார் நிறுத்திப் பார்ப்பார்கள்?

இதற்கிடையில் மாமனார் ஒருநாள் என்னைக் கூப்பிட்டார். முகம் வாடியிருந்தது.

"அம்மிணி, என்னைக் கண்ணாஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகச் சொல்றயா? காலையில நல்லாத் தெரியுது. மத்தியானத்துக்கு மேல மரமெல்லாம் மசமசன்னு தெரியுது. பாளை வெடிச்சுதா இல்லையான்னே கண்ணுல படமாட்டேங்குது."

எனக்குச் சிரிப்பு வந்தது. உடனே சங்கடமாகவும் போனது. எத்தனை நாளாக இதை மனதில் வைத்துக்கொண்டு பயந்துகொண்டிருந்தாரோ! வீட்டுக்காரர் அவரிடம் சொல்லாமலே தெளிவைக் குறைத்திருந்தார். நான் விளக்கிச் சொன்னேன். அவர் நம்பாமல், காற்றில் ஆடும் வாசல் மரத்தை ஜன்னல் வழியாக வெகுநேரம் பார்த்தார். தெளிவாகத்தான் தெரிந்திருக்கும். "அப்படியா சங்கதி" என்று மட்டும் சொன்னார். அன்றிரவே, வாசலுக்கு நேரே இருக்கும் ஒரு கேமராவை மட்டும் முழுத் தெளிவில் வைத்துக் கொடுத்தோம். ஒன்றால் என் வகுப்புக்குக் கேடு வரவில்லை. வரவில்லை என்றுதான் நினைக்கிறேன்.

காரணம் கேமராதான் என்று மனதுக்குள் ஒருவாறு முடிவுசெய்து வைத்திருந்தேன். அப்போது, என்னைச் சிலை என்று சொன்ன பையனின் அம்மாவிடமிருந்து ஒரு குரல்செய்தி வந்தது.

"டீச்சர், சாரி. இத்தனை நாள் உங்க பக்கம்தான் பிரச்சனைன்னு நினைச்சோம். எங்க ஃபிளாட்ல நெட் கனெக்‌ஷனை மாத்தினோம். இப்ப நீங்க பளிச்சுன்னு தெரியிறீங்க."

எப்போது மாற்றினீர்கள் என்று கேட்டு எழுதினேன். பதிலில் வந்த தேதி, நாங்கள் கேமராவை மாற்றிய அதே வாரம். மற்ற பிள்ளைகளுக்கும்தானே நான் நின்றேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆனால் நின்றேன் என்று வாய்விட்டுச் சொன்னது அந்தப் பையன்தான். மற்றவர்கள் சிரித்தார்கள், அவ்வளவே. அவர்களிடம் நான் கேட்டேனா என்று யோசித்துப் பார்த்தேன். நினைவில்லை.

குரல்செய்தியை வீட்டுக்காரருக்குப் போட்டுக் காட்டினேன். முழுவதும் கேட்டுவிட்டு, "எங்க அக்காகிட்ட மட்டும் சொல்லிராத" என்றார்.