பிஎன்ஜி போய் ஜேபிஜி வந்தது

எங்கள் தொழிலில் வருகிறவர்கள் முதலில் சொல்வது வணக்கம் அல்ல, "அப்லோட் ஆக மாட்டேங்குது" என்பதுதான். சிராங்கூன் ரோட்டை ஒட்டிய சந்தில், ஒரு பிரிண்ட் கடையில் எனக்கு வேலை. பிரிண்ட் எடுப்பதைவிட, கம்ப்யூட்டரில் எடுத்த ஸ்கிரீன்ஷாட்டை இணையதளம் கேட்கிற வடிவத்துக்கு மாற்றித் தருவதுதான் இப்போது அதிகம். சிவப்பு எழுத்தில் 'ஏற்க இயலாது' என்று வந்ததைப் பார்த்து நீங்களும் ஒருநாளாவது பல்லைக் கடித்திருந்தால், நீங்கள் என் கட்சி.

கழியில் காய்ந்த சட்டை

செங்காங் மாலதி அக்கா வீட்டிலேயே கேக் செய்து விற்பவர். உணவுச் சுகாதார வகுப்பில் தேறிய சான்றிதழை ஸ்கிரீன்ஷாட் எடுத்து விற்பனைத் தளத்தில் ஏற்ற வேண்டும். எடுத்துத்தான் வந்திருந்தார், லேப்டாப்புக்கு முன்னால் நின்று, போன் கேமராவில். சான்றிதழ் மங்கல். திரையில் பிரதிபலித்த அக்காவும், பின்னால் மூங்கில் கழியில் காயும் மாமாவின் சட்டையும் மட்டும் பளிச்சென்று இருந்தன.

"சான்றிதழ் எங்கக்கா?" என்றேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நன்றாகப் பார்த்தார்.

"நான் நல்லாதான விழுந்திருக்கேன், அப்படியே ஏத்திடு லா!"

பெயர் மாற்றம்

சதீஷ், திருச்சியிலிருந்து புதிதாக வேலைக்கு வந்த இன்ஜினியர். தளம் ஜேபிஜி படம்தான் கேட்கிறது என்று, ஃபைல் பெயரின் கடைசியில் இருந்த பிஎன்ஜியை அழித்து, ஜேபிஜி என்று தட்டிவிட்டார். தளம் ஏமாறவில்லை. பெயரை மட்டும் மாற்றினால் போதாது, படத்தைத் திறந்து ஜேபிஜியாகச் சேமிக்க வேண்டும் என்று செய்து காட்டினேன். அரை நிமிட வேலை. ஆனால் அவர் முகம் தொங்கிப்போயிற்று.

"நியூமராலஜி பாத்து எங்கப்பா என் பேர்ல ஒரு ஹெச் சேத்தாரே, அதுவும் இப்படித்தானா?"

பாலம் தாண்டிய படம்

மார்சிலிங் பன்னீர் அண்ணன் பதினைந்து வருடமாக செக்யூரிட்டி. பஸ் ஓட்ட வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை. ஓட்டுநர் தேர்வில் பாஸானதற்கான ஸ்கிரீன்ஷாட்டை விண்ணப்பத்தோடு ஏற்ற அன்று மாலை ஐந்து மணிதான் கெடு. விட்டால் மறுபடி எப்போது ஆளெடுப்பார்களோ தெரியாது. மதியம் போன் செய்தார். கடையில் கூட்டம். "ஜேபிஜிக்கு மாத்திட்டு ஏத்துங்கண்ணே, ஆயிடும்" என்று அவசரமாகச் சொல்லிப் போனை வைத்துவிட்டேன்.

நாலரைக்கு மறுபடியும் அவர். பின்னால் ஒரே ஹாரன் சத்தம்.

"தங்கச்சி, ஜேபிக்கு வந்துட்டேன். எந்தக் கடையில மாத்தணும்?"

மார்சிலிங்கிலிருந்து பாலத்தைத் தாண்டினால் பக்கத்து நாட்டின் ஜொகூர் பாரு நகரம், நம் வாயில் ஜேபி. மனிதர் பாஸ்போர்ட்டை எடுத்துக்கொண்டு, நெரிசலில் நின்று, வேறு நாட்டுக்கே போய்விட்டார்! சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. கடிகாரத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது. என் அவசரத்தால் அவருடைய ஆசையில் மண் விழப்போகிறதே என்று பயந்துபோனேன்.

"அங்கேயே நில்லுங்கண்ணே, படத்த வாட்ஸ்அப்ல அனுப்புங்க" என்றேன். வந்தது. திறந்து பார்த்தால் எனக்கு வேலையே இல்லை, வாட்ஸ்அப்பில் வரும்போதே அது ஜேபிஜியாக மாறியிருந்தது. அப்படியே திருப்பி அனுப்பினேன். ஐந்துக்கு ஆறு நிமிடம் இருக்கையில் பச்சை டிக் விழுந்துவிட்டதென்று சேதி வந்தது. எழுந்து கைதட்டினேன். வரிசையில் நின்றவர்களும் எதற்கென்று தெரியாமலே தட்டினார்கள். நடந்ததை விளக்கலாம் என்று அண்ணனைக் கூப்பிட்டால், அவர் முந்திக்கொண்டார்.

"நீ சொன்னது கரெக்ட் லா தங்கச்சி, ஜேபிக்கு வந்ததும் தானா மாறிடுச்சு!"

அண்ணன் இப்போது சந்தோஷமாக பஸ் ஓட்டுகிறார், நானோ போனில் ஜேபிஜி என்ற சொல்லையே விட்டுவிட்டு, "கடைக்கு வாங்க" என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.