கையை எடுத்தாலும் ஓடும் வண்டி

வலது கை மரத்துப்போக ஆரம்பித்து ஒரு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. முதலில் கட்டைவிரல், அப்புறம் அடுத்த இரண்டு விரல்கள். காலையில் எழுந்ததும் உதறினால் சரியாகிவிடும். பிறகு உதறினாலும் சரியாகவில்லை. டீக்கடையில் இரண்டு தடவை கிளாஸ் நழுவி உடைந்தது. அதற்குப் பிறகு டீக்கடைக்காரர் எனக்கு மட்டும் காகிதக் கப்பில் கொடுத்தார்.

தூத்துக்குடியில் படகு எஞ்சின் சாமான் விற்கும் கடை ஒன்றில் எனக்கு வேலை. கடைக்குள் அல்ல, கடையின் பைக்கில். ஆலந்தலை, குலசேகரன்பட்டினம், மணப்பாடு, பெரியதாழை என்று கரையோரம் எங்கே ஒரு எஞ்சின் நின்றுபோனாலும் கடைக்குப் போன் வரும். பம்போ, நாசிலோ, கேஸ்கட்டோ, கேட்டதைப் பையில் போட்டுக்கொண்டு நான் கிளம்புவேன். ஒரு நாளைக்கு நூற்றைம்பது கிலோமீட்டர் போய்வருவது சாதாரணம்.

ஆறாம் வகுப்போடு படிப்பை விட்டவன் நான். குஜராத்தில் உப்பளத்தில் இருந்தேன், மங்களூரில் ஐஸ் கம்பெனியில் இருந்தேன், ஊர் திரும்பிச் சங்கு குளிக்கப் போனேன், காது கெட்டதும் அதையும் விட்டேன். எங்கேயும் மூன்று வருடம் தாண்டியதில்லை. இந்த வண்டி வேலையில்தான் பதினோரு வருடம் ஓடியிருக்கிறது. ஒரே இடத்தில் இருக்க வேண்டாம் என்பதால்தான் ஒரே வேலையில் இருந்தேன் போலிருக்கிறது.

மணிக்கட்டில் நரம்பு நசுங்குகிறது என்றார் டாக்டர். சின்ன ஆபரேஷன்தான், ஆனால் ஆறு மாதம் பைக்கைத் தொடக்கூடாது. சரி என்று சொல்லிவிட்டு அன்றைக்கே பெரியதாழைக்குப் போய்வந்தேன்.

கடை முதலாளி அண்ணாச்சியிடம் சொல்லவில்லை. அவர் நல்ல மனுஷன், அதுதான் பயம். தெரிந்தால் என்னை வேலையை விட்டு அனுப்பிவிட மாட்டார். தன் மேசைக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்காரவைப்பார். அங்கே உட்கார்ந்தால் போனில் ஆர்டர் எழுத வேண்டும், பில் போட வேண்டும். நல்ல கையால் நான் எழுதியதையே யாராலும் வாசிக்க முடிந்ததில்லை. அதைவிட, காலையிலிருந்து சாயங்காலம் வரை ஒரே சுவரைப் பார்த்துக்கொண்டு என்னால் இருக்க முடியும் என்று தோன்றவில்லை.

பைக்கில் எனக்குக் கஷ்டம் கொடுத்தது ஒன்றே ஒன்றுதான். ஆக்ஸிலேட்டரைத் திருகினால் மட்டும் போதாது, திருகிய கை திருகியபடியே நிற்க வேண்டும். முள்ளக்காடு தாண்டுவதற்குள் விரல்கள் இருக்கிற இடம் தெரியாது. ஒரு நாள் பெரியதாழைக் கரையில் காத்திருந்தபோது போனில் ஒரு வீடியோ பார்த்தேன். யாரோ ஒருவன் பைக்கில் ஒரு வளையத்தை மாட்டிவிட்டு, கையைத் தொடையில் வைத்துக்கொண்டு போகிறான். வண்டி அதே வேகத்தில் ஓடுகிறது. அன்றைக்கே போனிலேயே அதை ஆர்டர் பண்ணிவிட்டேன். கடை முகவரி கொடுத்தால் அண்ணாச்சி பிரித்துப் பார்ப்பார் என்று திரேஸ்புரத்து மெக்கானிக் முகவரியைக் கொடுத்தேன்.

அவனும் நானும் ஒரே வள்ளத்தில் சங்கு குளித்தவர்கள். இப்போது அவன் படகு எஞ்சின் பார்க்கிறான். கேட்டால் பைக்கும் பார்ப்பான். நான் போனபோது பொட்டலத்தைப் பிரித்து, உள்ளே இருந்ததை விரலில் மாட்டிச் சுற்றிக்கொண்டிருந்தான்.

"என்னவே இது, வளையலா?"

"க்ரூஸ் கன்ட்ரோல்."

"கார்ல வருமே, அதா?"

"அதுல கம்ப்யூட்டர் பாத்துக்கிடும். இது சும்மா பிடிச்சு வச்சுக்கிடும்."

"பிடிச்சு வைக்க உமக்குக் கை இல்லையா?"

சொன்னேன். அவன் என் கட்டைவிரலை இழுத்து மேசைமேல் வைத்து, கையிலிருந்த ஸ்பேனரால் நகத்தில் ஒரு தட்டு தட்டினான்.

"வலிக்கா?"

"தெரியலை."

"சரி, உக்காரும்."

வளையம் அலுமினியத்தில் இரண்டு துண்டு. கைப்பிடியின் உள்பக்கம், சுவிட்சை ஒட்டி வைத்து இரண்டு ஸ்க்ரூவில் முடுக்க வேண்டும். அதன் வால் பிரேக் லிவர்மேல் போய்ச் சாயும். மேலே ஒரு பொத்தான், அமுக்கினால் ஆக்ஸிலேட்டரை இருந்த இடத்திலேயே பிடிக்கும். கீழே ஒரு பொத்தான், அமுக்கினால் விடும். கூட வந்த தாள் முழுக்க ஆங்கிலம். படம் மட்டும் எங்கள் இருவருக்கும் புரிந்தது. ஒரு படத்தில், பூட்டியிருக்கும்போதே ஒரு கை ஆக்ஸிலேட்டரைத் திருப்புகிற மாதிரி அம்புக்குறி போட்டிருந்தது. அதை அவன் ரொம்ப நேரம் பார்த்தான்.

"பூட்டுன பெறவும் திரும்புமாம். அப்படின்னா என்னத்துக்குப் பூட்டு?"

படகு எஞ்சினில் வேகத்தை ஒரு தடவை வைத்தால் வைத்ததுதான். கரை வரும்வரை யாரும் தொடுவதில்லை. அவன் இருபது வருடமாகப் பார்ப்பது அந்த எஞ்சினைத்தான். கைப்பிடியைக் கழற்றி, உப்புக்காற்றில் பிடித்திருந்த துருவைத் தேய்த்து எடுத்து, கேபிளுக்கு எண்ணெய் விட்டு, வளையத்தைப் படகுக்கு முடுக்குவது மாதிரி அசையாமல் முடுக்கினான். அவனை மட்டும் சொல்லக்கூடாது. முக்காணிப் பாலத்துக்குப் பக்கம் ரோடு குலுக்கும், கழன்றுவிடும் என்று, இன்னும் ஒரு சுற்று முடுக்கச் சொன்னவன் நான்தான்.

முதல் நான்கு நாட்கள் நன்றாக இருந்தன. பழையகாயல் தாண்டியதும் பொத்தானை அமுக்கிவிட்டுக் கையைத் தொடையில் வைத்துக்கொள்வேன். கொஞ்ச நேரத்தில் எறும்பு ஊர்கிற மாதிரி விரல்களில் ரத்தம் இறங்கும். பதினோரு வருடமாகப் போன ரோட்டில் அப்போதுதான் பக்கவாட்டில் பார்த்தேன். ஆத்தூர் வாழைத்தோப்பு, ஆறுமுகநேரி உப்புக் குவியல்கள். புதிதாக ஒன்றும் இல்லை. ஆனால் பார்க்க முடிந்தது. வேகத்தடை வந்தால் இடது கையை நீட்டி வளையத்தை விடுவிப்பேன். வலது கட்டைவிரலை நம்பவில்லை. ஐந்தாம் நாள் நம்பிவிட்டேன்.

புரட்டாசி மாதம் அது. குலசேகரன்பட்டினத்து அம்மன் கோயில் தசராவுக்கு வேண்டிக்கொண்டு வேடம் கட்டியவர்கள் கூட்டம் கூட்டமாக ஊர் ஊராகக் காணிக்கை வாங்கிக்கொண்டிருந்தார்கள். மணப்பாட்டில் ஒரு படகு நிற்கிறது என்று மத்தியானம் தண்ணீர் பம்பு ஒன்றை எடுத்துக்கொண்டு போனேன். ஆலந்தலை தாண்டி, தூரத்தில் மேளச் சத்தத்தோடு ஒரு தசராக் குழு ரோட்டைக் கடப்பது தெரிந்தது. முன்னால் காளி வேடம், பக்கத்தில் போலீஸ் வேடம், பின்னால் நாலைந்து பேர். நேரம் நிறைய இருந்தது. வலது கையைக் கொண்டுபோய்க் கட்டைவிரலால் கீழ்ப் பொத்தானை அமுக்கினேன்.

அமுக்கியதாகத்தான் நினைத்தேன். விரல் பொத்தானுக்குப் பக்கத்தில் ஸ்க்ரூவை அமுக்கிக்கொண்டிருந்திருக்கிறது. எனக்கு இரண்டும் ஒன்றுதான். வேகம் குறையவில்லை. காலால் பிரேக்கை மிதித்தேன், எஞ்சின் வண்டியை முன்னால் தள்ளியது. ஆக்ஸிலேட்டரைத் திருப்பப் பார்த்தேன், கை வழுக்கியது. கிளட்சைப் பிடித்ததும் எஞ்சின் அலறிய அலறலில் மேளம் நின்றுவிட்டது. ரோட்டை விட்டு மணலில் இறக்கினேன். வண்டி மெதுவாகத்தான் சாய்ந்தது. நானும் அதோடு சாய்ந்தேன். கீழே கிடந்தபடி இடது கையால் சாவியைத் திருகியபிறகுதான் சத்தம் அடங்கியது.

யாரையும் இடிக்கவில்லை. ஆனால் ஒதுங்கத் தாவியதில் காளி வேடம் போட்டவர் விழுந்துவிட்டார். முதுகில் கட்டியிருந்த மரக்கைகளில் ஒன்று முழங்கையில் முறிந்து தொங்கியது.

போலீஸ் வேடக்காரர்தான் முதலில் வந்தார். "லைசென்ஸ எடும்வே" என்றார். பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நிஜமாகவே பையைத் தடவினேன்.

"விடுல அவர" என்றார் காளி வேடக்காரர், மணலைத் தட்டிக்கொண்டு. குரல் சாதாரணக் குரல், ஏதோ மளிகைக்கடையில் கேட்கிற மாதிரி. "விரதத்துல இருக்கேன் அண்ணாச்சி. என்னைய வாயத் தொறக்க வைக்காதேயும்."

எழுந்து வண்டியை நிமிர்த்தப் போனேன். வலது கை பிடிக்கவில்லை. அவர் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கையில அடியா?"

"அடி இல்ல. மரத்துப்போச்சு."

"இப்பவா?"

"ஒரு வருசமா."

"இந்தக் கைய வச்சுக்கிட்டா இந்தப் போக்கு போறீரு?"

"காளித் தாய்க்கு ஒரு கை போனாலும் இன்னும் ஏழு இருக்கு" என்றார் போலீஸ் வேடக்காரர். "உமக்கு ரெண்டுதாம்வே."

என் பையில் எப்போதும் கருப்பு டேப் ஒரு சுருள் கிடக்கும். முறிந்த கையைச் சேர்த்துப் பிடிக்கச் சொல்லி, டேப்பைப் பல்லால் இழுத்து இடது கையால் சுற்றினேன். கோணலாகத்தான் வந்தது. நீல வர்ணத்துக்கு நடுவே கருப்புக் கட்டு நன்றாகத் தெரிந்தது. அவர் ஆட்டிப் பார்த்துவிட்டு, தசரா முடியும்வரை தாங்கும் என்றார். காணிக்கை கொடுக்கப் போனேன், வாங்கவில்லை. இடுப்புப் பையிலிருந்து குங்குமம் எடுத்தார்.

"கைய நீட்டும்."

பழக்கத்தில் வலது கையை நீட்டினேன். அவர் போட்டார். போட்டது எனக்குத் தெரியவில்லை. இன்னும் போடவில்லை என்று நினைத்து நீட்டியபடியே நின்றேன். "என்ன, நெத்தியில வைக்க மாட்டீரா?" என்று கேட்டபிறகுதான் குனிந்து பார்த்தேன். உள்ளங்கையில் விரலோரமாகச் சிவப்பாக இருந்தது. அதற்குள் பாதியைக் காற்று கொண்டுபோயிருந்தது.

மணப்பாட்டுக்கு முப்பது கிலோமீட்டர் வேகத்தில் போனேன். படகுக்காரர்கள் ஏன் தாமதம் என்று சத்தம் போட்டார்கள். பம்பைக் கொடுத்துவிட்டுத் திரும்பினேன். வழியில் எட்டு இடத்தில் நிறுத்திக் கையை உதறினேன். எட்டு தடவையும் ஒரு பயனும் இல்லை.

மெக்கானிக் நடந்ததைக் கேட்டு முகம் கறுத்துப்போனான். அந்தத் தாளை எங்கிருந்தோ தேடி எடுத்து அம்புக்குறிப் படத்தை மறுபடி பார்த்தான்.

"கையால திருப்புனா திரும்பணும்னுதாம்வே போட்டிருக்கான். நாந்தான் கடல்ல போறதா நெனச்சுட்டேன். லூசாக்கித் தாரேன். ஒரு நரம்பு கட்டி இடது பக்கம் கொண்டுவந்துருவோம், இழுத்தா விட்டுரும்."

வலை பின்னுகிற நைலான் நரம்பைச் சொன்னான். செய்திருக்கலாம், வேலை செய்திருக்கும் என்றுகூட நினைக்கிறேன்.

"வேண்டாம், கழத்தும்."

"நெசமாவா?"

"கழத்தும்வே. அசதியா இருக்கு."

இரண்டு ஸ்க்ரூ, இரண்டு நிமிடம். கைப்பிடியில் துரு தேய்த்த இடம் மட்டும் வெள்ளையாக நின்றது. வளையத்தை அவனே வைத்துக்கொண்டான். பிறகு தன் மச்சானின் வள்ளத்தில், எஞ்சின் கைப்பிடியில் மாட்டிவிட்டதாகச் சொன்னான். அங்கே அது நன்றாக இருக்கிறதாம்.

கடைக்கு வந்து சாவியை அண்ணாச்சி மேசையில் வைத்தேன்.

"என்னவே, வண்டி மக்கர் பண்ணுதா?"

"வண்டி நல்லாத்தான் இருக்கு அண்ணாச்சி. கைதான்."

டாக்டர் சொன்னது, வளையம் மாட்டியது, காளி வேடக்காரர் விழுந்தது வரை எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டு முடிக்கும்வரை அவர் ஒரு நாசில் பெட்டியைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தார்.

"ஒரு வருசம் கழிச்சு இப்பச் சொல்லுதீரு. நாளைக்குப் பெரியதாழைக்கு யாரு போவா?"

"நான் போகலை."

"அது தெரியுது." பெட்டியை ஓரமாக வைத்தார். "ஆபரேஷன் எப்ப?"

"இனிமேத்தான் கேக்கணும்."

"கேளும். ஆறு மாசந்தான?"

"ஆறு மாசந்தான் அண்ணாச்சி."

எனக்கு ஐம்பத்திரண்டு வயது. அவருக்கு அதைவிடக் கூட. ஆறு மாதம் கழித்து நான் மறுபடி பைக்கில் ஏறுவது நிச்சயமில்லை என்று இருவருக்குமே தெரியும். அவர் மேசைக்கு அடியிலிருந்து காலால் ஸ்டூலை இழுத்து வெளியே விட்டார். உட்கார்ந்தேன். ஆர்டர் நோட்டை என் பக்கம் தள்ளினார். பேனாவை வலது பக்கம் வைத்தவர், யோசித்து, எடுத்து இடது பக்கம் வைத்தார்.

ஆலந்தலையிலிருந்து போன் வந்தது. எஞ்சின் நின்றுவிட்டதாம், நாசில் வேண்டுமாம். பெயரையும் நாசில் நம்பரையும் இடது கையால் எழுதினேன். போனை வைத்துவிட்டுப் பார்த்தேன். ஒன்றா ஏழா என்று எனக்கே தெரியவில்லை. திரும்பக் கூப்பிட்டுக் கேட்டேன்.