அழித்துவிட்டேன் என்றார் துரை

கம்ப்யூட்டர் அறைக்குள் செருப்போடு போகக்கூடாது. எண்பதுகளின் கடைசியில் எங்கள் தேயிலைத் தோட்ட ஆபீசுக்கு அந்தப் பெட்டி வந்தபோது, தோட்டத்து மேனேஜரான துரை போட்ட முதல் சட்டம் அது. கதவுக்குப் பெரிய பூட்டு, ஜன்னலுக்குக் கம்பி, பெட்டிக்குத் துணி உறை. ஆயுத பூசை அன்று பெரிய கிளாக்கர் அதன் நெற்றியில் சந்தனம் வேறு வைத்தார். இந்த மரியாதையெல்லாம் வெளியேதான். உள்ளே சந்தைக்கடை. ஒருவர் எழுதி வைத்ததை அடுத்து உட்காருகிறவர் யாராக இருந்தாலும் திறந்து பார்க்கலாம்.

கண்டியில் படித்துவிட்டு வந்த நான்தான் அதற்கு ஆப்பரேட்டர். தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் பிறந்தவள் நாற்காலியில் உட்காருவது பெரிய கிளாக்கருக்குப் பிடிக்கவே இல்லை. தினமும் காலையில், "கொஞ்சம் பழகிக்கிறேன், எந்திரி" என்று என்னை எழுப்பிவிட்டு அவர் உட்கார்ந்துகொள்வார்.

அந்த வருடம், தொழிலாளர்களை மேற்பார்க்கும் கணக்கப்பிள்ளை வேலைக்கு ஆள் எடுக்கப் பரீட்சை வைத்தார்கள். கேள்வித்தாளைத் துரை தானே தட்டினார். என்னை நம்பவில்லை. நம்பாவிட்டால் போகிறது, சொன்னதையாவது கேட்டிருக்கலாம்.

"சேர், எழுதினத மாத்தி எழுதினா, மாத்துறதுக்கு முந்தி இருந்ததையும் இது தனியா ஒரு ஃபைல்ல வச்சிக்கும். ரெண்டையும் அழிக்கணுங்க" என்று கதவருகே நின்று சொன்னேன்.

"அது டெம்பரரி ஃபைல். தானாகப் போய்விடும்" என்று சிங்களத்தில் சொல்லிச் சிரித்தார்.

தானாகப் போகுமாம். விருந்தாளியா அது, சாப்பிட்டுக் கைகழுவிவிட்டு எழுந்து போக? யாராவது போகச் சொன்னால்தான் போகும். அவர் கடைசியாகத் திருத்திய தாளை அச்செடுத்தார், அந்த ஒரு ஃபைலை மட்டும் அழித்தார், அறையைப் பூட்டிச் சாவியோடு பங்களாவுக்குப் போனார். மறுநாள் காலை செக்ரோல் என்கிற சம்பளப் பதிவு வேலைக்காக அறை திறந்தது. வழக்கம்போலப் பெரிய கிளாக்கர் பழக உட்கார்ந்தார்.

பரீட்சை முடிந்த கையோடு மற்றப் பையன்கள் முறையிட ஆபீஸ் வாசலுக்கு வந்துவிட்டார்கள். பெரிய கிளாக்கரின் மருமகன், அவருடைய சகோதரி மகன், முதல் நாளே நோர்வூட் டவுன் தேத்தண்ணிக் கடையில் உட்கார்ந்து கேள்விகளைச் சொல்லிப் பெருமையடித்திருக்கிறான். கேட்டவர்கள் பலர். துரைக்கு உடனே ஒரு திருடன் தேவைப்பட்டான். பெரிய கிளாக்கர் ஆளைக் காட்டினார்.

ஆபீசைக் கூட்டுகிற அக்காவை.

மழைக்காலத்தில் ஈரவிறகு பற்றாது. குப்பைக்கூடையில் கிடக்கும் கெட்டுப்போன அச்சுத்தாளை அக்கா அடுப்பு மூட்ட எடுத்துப் போவாள். அது எல்லாருக்கும் தெரியும். துரை கேள்வித்தாளை அச்செடுத்த அன்றும் எடுத்துப் போயிருந்தாள். அதுதான் குற்றம். செக்ரோலில் அவள் பேரை வெட்டினார்கள். தோட்டத்தில் பேரை வெட்டினால் வேலை மட்டுமா போகும்? குடியிருக்கிற லயத்துக் காம்பிராவும் போய்விடும். புருஷன் இல்லை, இரண்டு பிள்ளைகள். மாதக் கடைசிக்குள் காலி பண்ணச் சொன்னார்கள்.

"அவங்களுக்கு எழுத்தே தெரியாதுங்க சேர்" என்றேன்.

"படிக்கத் தெரியாட்டி என்ன? எடுத்துக் குடுக்கக் கை இருக்கில்ல" என்றார் பெரிய கிளாக்கர். அந்த மனுஷன் முகத்தில் ஒரு கூச்சம்கூட இல்லை.

பரீட்சைப் புள்ளிகளைக் கம்ப்யூட்டரில் ஏற்ற விடைத்தாள்கள் என்னிடம் வந்தன. மருமகனின் தாளைப் புரட்டினேன். கடைசிக் கேள்வி, மண்சரிவு ஏற்பட்டால் கணக்கப்பிள்ளை என்ன செய்ய வேண்டும் என்பது. பையன் அழகான கையெழுத்தில் எழுதியிருந்தான். மணி அடித்து ஆட்களைக் கூப்பிட வேண்டும். மின்சாரத்தை நிறுத்த வேண்டும். பிறகு வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்ற வேண்டும்.

சரிகிற மலைக்குத் தண்ணீர் ஊற்றுகிறானாம்! திருத்தியவர் பெரிய கிளாக்கர். பத்துக்கு ஒன்பது போட்டிருந்தார்.

கம்ப்யூட்டரில் தேடினேன். அந்தப் பழைய ஃபைல் அப்படியே குத்துக்கல்லாக உட்கார்ந்திருந்தது. அதில் கடைசிக் கேள்வி வேறு. தேயிலை ஸ்டோரில் தீப்பிடித்தால் என்ன செய்ய வேண்டும்?

துரையைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

"சேர், இந்தத் தீப்பிடிச்ச கேள்விய நீங்க அச்செடுத்தீங்களா?"

"இல்லை. திரையிலேயே மாற்றிவிட்டேன்."

"அப்ப இது எந்தத் தாள்லயும் இல்லைங்க. கூடையில இருந்து எடுத்திருந்தா அவன் மண்சரிவப் பத்தித்தான் எழுதியிருப்பான். இந்தப் பெட்டிக்கு முன்னால உக்காந்த ஆளுதான் எடுத்திருக்கணும். அக்கா இல்லைங்க."

அவருக்குப் புரிந்தது. காது மடல் வரை சிவந்து போனதை என் கண்ணால் பார்த்தேன். ஒப்புக்கொண்டால், கேள்வித்தாள் தன் கவனக்குறைவால் வெளியே போனது என்று மேலிடத்துக்கு எழுத வேண்டும். எழுதுவாரா? விடைத்தாள்களை வாங்கிக்கொண்டார். என்னை எழுந்திருக்கச் சொல்லிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார். ஒரு பிரதி எடுக்கட்டுமா என்று நான் கேட்டு முடிப்பதற்குள் அந்தப் பழைய ஃபைலையும் அழித்தார். இந்தத் தடவை ஒன்றையும் மிச்சம் வைக்கவில்லை.

"விசாரணை முடிந்துவிட்டது" என்றார்.

படித்த மனிதர். நான் சொன்ன பாடத்தை அவர் சரியாகக் கற்றுக்கொண்டது அந்த ஒரு நாள்தான். இன்றைக்கும் யாராவது "டெம்பரரிதானே, விடுங்க" என்றால் எனக்குக் கோபம் தலைக்கேறுகிறது. பேசுகிறவர் பயந்துபோகிற அளவுக்குக் கத்திவிடுகிறேன்.

மாதக் கடைசியில் நல்ல மழை. அக்கா பானை சட்டியை வெளியே எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள். நான் பிள்ளைகளின் துணி மூட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். காம்பிராவைப் பூட்டப் புதுக் கணக்கப்பிள்ளை வந்தான். அதே மருமகன். விடைத்தாள் கதையை நான் லயம் முழுக்கச் சொல்லியிருந்ததால் எல்லாரும் வாசலில் நின்று அவனையே பார்த்தார்கள்.

"தம்பி, மல சரிஞ்சா தண்ணி ஊத்தணுமாமே?" என்று கேட்டாள் அக்கா.

கதவைச் சாத்திப் பூட்டினான். சரியாகப் பூட்டியிருக்கிறதா என்று இரண்டு தரம் இழுத்துப் பார்த்தான்.